மஞ்சு என்று பெயர் வைத்த புகை

செல்வம், லட்சுமி, கடைக்குட்டி பாண்டி, மூன்று பேரும் கேளுங்கள். போன வாரம், ஐந்தாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட கதையைப் படித்துவிட்டு, "அப்பா, இதையெல்லாமா பத்திரிகையில போடுவாக?" என்று லட்சுமி தலையில் அடித்துக்கொண்டாள். போட்டுவிட்டார்களே தாயே, என்ன செய்ய? இந்த வாரம் அதைவிட மோசம். உங்கள் அப்பன் அடுத்தவன் கோவணத்தை மூக்கில் கட்டிக்கொண்டு ஒரு பகல் முழுக்க மூச்சு விட்ட கதை.

சிரிப்பதைச் சிரித்து முடியுங்கள். முடித்த பிறகு கவனமாகப் படியுங்கள். நீங்கள் மூன்று பேரும் நாற்காலியில் உட்கார்ந்தே பிழைத்துவிடுவீர்கள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. வெட்டவெளியில் நின்று வேலை செய்கிற நாள் உங்களுக்கும் வரும். அன்றைக்குக் காற்றில் புகை இருந்தால் என்ன செய்வது என்று உங்கள் வாத்தியார் சொல்லித் தரப் போவதில்லை. அதனால்தான் மானத்தை விட்டு எழுதுகிறேன்.

ஒரு பங்குனி மாதத்துக் காலை. போடிக்கு மேலே, மலையாளத்து எல்லையை ஒட்டிய ஒரு புல்மேடு. இரண்டு மலைக்கு அப்பால் ஒரு சரிவு எரிந்துகொண்டிருக்கிறது. நெருப்பு கண்ணுக்குத் தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு படலம் மட்டும், பால் பொங்கி அடுப்பில் வழிகிற மாதிரி, சரிவு சரிவாக வழிந்து வருகிறது. நான் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு இருமுகிறேன். எங்கள் கங்காணி வீரணன் தன் மூட்டையை அவிழ்த்து, அதிலிருந்து நீளமாக ஒரு துணியை உருவுகிறார்.

"இந்தா, நனைச்சு மூக்குல கட்டு."

"இது என்ன துணி கங்காணி?"

"துணிதான்."

"கோவணம் மாதிரி இருக்கு."

"தொவச்சதுடா."

"எப்ப?"

"தொவச்சதுன்னு சொன்னேன்ல? அதுக்கு நாள் நட்சத்திரமா பாத்து வச்சிருக்கேன்?"

கட்டிக்கொண்டேன். என்னிடம் இருந்த ஒரே துண்டைக் காலையிலேயே என் மச்சானுக்குக் கொடுத்திருந்தேன். அவர் மூச்சு என் மூச்சைவிட விலை கூடியது. அது ஏன் என்று சொல்கிறேன்.

நெஞ்சுக்குள் ஒரு பூனை

மச்சான் என்றால் என் அக்கா பொன்னுத்தாயியின் புருஷன், சங்கிலி. உங்களுக்கு மாமா. ஆளைப் பார்த்தால் கதவு மாதிரி இருப்பார். ஆனால் அந்தக் கதவுக்குப் பின்னால், நெஞ்சுக்குள், ஒரு பூனை குடியிருந்தது. மார்கழி வந்தால் அது கத்த ஆரம்பிக்கும். இரைப்பு. அவர் உட்கார்ந்து மூச்சு வாங்கினால் அடுத்த வீட்டுக்காரர்கள் எழுந்து வந்து தங்கள் பூனையைத் தேடுவார்கள்.

அவருக்கு உலகத்தில் ஒரே எதிரி பனி. பனி என்று யாராவது சொன்னாலே கம்பளியைத் தேடுவார். கூடவே காய்ந்த நொச்சி இலை ஒரு பை நிறைய வைத்திருப்பார். கங்கில் இலையைப் போட்டு, தலையோடு கம்பளியை மூடிக்கொண்டு, அதை உள்ளே இழுப்பது அவர் கண்டுபிடித்த வைத்தியம். அதனால் குணமானதா என்று கேட்காதீர்கள். அவர் அதை நம்பினார்.

அந்த வருஷம் பொட்டிப்புரம் பக்கம் அவருடைய காட்டில் சோளம் கருகிப்போயிற்று. நான் மலைக்குக் கிளம்பியபோது அவரும் முதல் தடவையாகக் கிளம்பிவிட்டார். அக்கா வாசல் வரை வந்தாள். என்னை மட்டும் தனியே இழுத்து, "ஏலே தம்பி, உன் மச்சானை மூச்சோட அனுப்புறேன். மூச்சோட கூட்டியா. வேற ஒண்ணும் கொண்டாற வேண்டாம்" என்றாள்.

மச்சானோ பாதி வழியில் என் தோளைப் பிடித்து, "மாப்ள, எனக்கு இரைப்பு இருக்குன்னு அங்கன எவன்கிட்டயும் சொல்லிராத. தெரிஞ்சா கஞ்சிப் பானை கழுவ விட்டுருவாக" என்றார்.

கஞ்சிப் பானை கழுவுவதில் என்ன குறைச்சல்? ஆனால் அவருக்கு அது குறைச்சலாகப்பட்டது. ஆம்பிளைகளில் பாதிப்பேர் இந்த மாதிரிக் குறைச்சலுக்குப் பயந்துதான் சாகிறார்கள். இதைப் பாண்டி இரண்டு தடவை படிக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மச்சான் பெரிய மூக்குப்பொடிக்காரர். பொடி போட்டுப் போட்டு அவர் மூக்குக்கு வாசனை செத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. அக்கா குழம்பைக் கருக்கினாலும் புகழ்ந்து சாப்பிடுவார். நல்ல புருஷன் என்று ஊரே சொன்னது. மூக்கு இல்லாத புருஷன் என்பது எங்களுக்கு மட்டும் தெரியும்.

பயர்லைன்

வேலை என்னவென்றால், புல்மேட்டுக்கு மேலே ஏலத் தோட்டங்கள். கோடையில் கீழே புல்லில் தீப்பிடித்தால் அது மேலே ஏறித் தோட்டத்தைத் தின்றுவிடும். அதனால் மேட்டின் முதுகில், வண்டிப்பாதை அகலத்துக்குப் புல்லைச் செதுக்கி வெறும் மண்ணாக்கி விடுவோம். தீ வந்து அங்கே தின்ன ஒன்றுமில்லாமல் நின்றுவிடும். அதற்குப் பெயர் பயர்லைன். கங்காணி வாயில் அது 'பயலைன்' ஆகிவிடும். பயல்கள் வரிசையாக நிற்பதால் அந்தப் பெயர் என்று நான் முதல் வருஷம் முழுக்க நம்பிக்கொண்டிருந்தேன்.

அங்கே வளர்வதெல்லாம் தைலப்புல். கசக்கினால் கை மணக்கும். எரிந்தால் மலையே மணக்கும். இது பெரிய ஏமாற்று. நாறுகிற புகைக்கு மனிதன் விலகுவான், மணக்கிற புகைக்கு மார்பை விரிப்பான். "இதுல மருந்து இருக்குடா, நல்லா இழுங்க" என்று சொன்னவர்களை என் காதால் கேட்டிருக்கிறேன். சொன்னவர்கள் அன்றைக்குச் சாயங்காலமே தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்ததையும் பார்த்திருக்கிறேன்.

கங்காணி வீரணனுக்கு இன்னொரு கொள்கை இருந்தது. மலையேறுவதற்கு முன்னால் போடி பஜாரில் ஆளுக்கொரு சுருட்டு வாங்கிக் கொடுத்து விளக்கினார். "காட்டுப் புகை உள்ள போறதுக்கு முன்னாடி நம்ம புகை போயி எடத்தப் பிடிச்சுக்கிடணும். அப்புறம் அதுக்கு எங்கிட்டு எடம்?" பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி, நெஞ்சுக்குள் சுருட்டுப் புகையைப் போட்டு இடம் பிடிக்கிறாராம். நான் தலையாட்டினேன். அவர் சொல்லும்போது எல்லாமே நியாயமாகத்தான் இருக்கும். அது அவர் குரலின் கோளாறு.

சொல்லக்கூடாத சொல்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

போடி பஜாரில் 'புகை' என்று சொன்ன அதே வீரணன், அடிவாரத்துக் கல்லைத் தாண்டியதும் அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டார். யாரும் சொல்லக்கூடாது. மலையில் எதன் பேரைச் சொல்கிறோமோ அது கூப்பிட்ட குரலுக்கு வந்துவிடும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. அதனால் புலிக்கு வேறு பேர், யானைக்கு வேறு பேர். தீக்குப் பேர் 'பூ'. எங்காவது எரிந்தால் "மலை பூத்திருக்கு" என்பார்கள். புகைக்குப் பேர் 'மஞ்சு'. மலையாளத்துக்காரர்கள் பனிமூட்டத்துக்குச் சொல்கிற சொல். எங்கள் பக்கத்திலும் எல்லோருக்கும் அந்தச் சொல் தெரியும்.

இந்தப் 'பூ'வால் நடந்த கூத்து ஒன்று. அதற்கு முந்தைய கோடையில் புதிதாக ஒரு காட்டிலாகாக் காவலர் வந்தார். கீழ்நாட்டு ஆள். தொப்பியெல்லாம் போட்டிருந்தார். "மேற்கே என்ன விசேஷம்?" என்று கேட்டார். "பூத்திருக்குங்க ஐயா" என்றார் கங்காணி, கையைக் கட்டிக்கொண்டு. "என்ன பூ?" என்றார் அவர். எங்களில் யாரும் வாய் திறக்கவில்லை. "நல்லா செவப்பாப் பூத்திருக்குங்க" என்று மட்டும் கங்காணி சேர்த்தார். இலவம் பூவாக இருக்குமோ என்று நினைத்தாரோ என்னவோ, அந்த மனிதர் பார்க்கப் போனார். திரும்பி வந்தபோது புருவம் இல்லை. தொப்பி மட்டும் இருந்தது.

அதற்காவது சிரித்தோம். மஞ்சு விஷயம் அப்படி அல்ல.

அந்த வழக்கத்தில் ஒரு பொல்லாத முடிச்சு இருந்தது. புதிதாக வருகிறவனுக்கு அதை விளக்கவே முடியாது. 'புகையைத்தான் மஞ்சு என்கிறோம்' என்று சொல்வதற்குப் புகை என்று சொல்லியாக வேண்டுமே! சொல்லக்கூடாதே! ஆகவே புது ஆள் தானாகவே புரிந்துகொள்ள வேண்டும். முதல் வருஷம் நான் புரிந்துகொள்ள அரை நாள் ஆனது. எனக்கு மூக்கு இருந்தது, பிழைத்தேன்.

துணி செய்த துரோகம்

அன்றைக்குக் காலையிலிருந்தே கங்காணி, "மஞ்சு லேசாத்தான்டா இருக்கு, வெட்டுங்க வெட்டுங்க" என்று விரட்டிக்கொண்டிருந்தார். தீ மேலே ஏறி வருவதற்குள் பயர்லைன் கோட்டை முடிக்க வேண்டும். வெட்டினோம். சும்மா உட்கார்ந்திருக்கிறவன் மூக்கால் மூச்சு விடுவான். மண்வெட்டி போடுகிறவன் வாயைத் திறந்து துருத்தி மாதிரி இழுப்பான். ஆக, எவன் அதிகம் உழைக்கிறானோ அவனுக்குத்தான் அதிகம் புகை. இந்த நியாயத்தை யாரிடம் போய்ச் சொல்ல?

ஈரத்துணியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மத்தியானம் அவிழ்த்துப் பார்த்தபோது கங்காணியின் கோவணம் வெளியே கரியாக இருந்தது. நல்லது, சாம்பலைப் பிடித்திருக்கிறது. திருப்பினேன். உள்பக்கம், என் மூக்கு இருந்த இடத்திலும் கறுப்பாக இரண்டு வட்டம். சாம்பலைப் பிடித்த துணி, புகையை விட்டுவிட்டது. மாவு சலிக்கிற சல்லடையில் கல்தான் நிற்கும், மாவு போய்விடும். புகை மாவைவிட நைசு. ஈரத்துணி கட்டினால் சூடும் தூசும் குறையும், அவ்வளவுதான். அதைவிடப் பெரிய தொல்லை, மூக்கில் ஒன்று கட்டியிருக்கிறோம் என்ற தைரியத்தில், ஓடவேண்டிய நேரத்தில் நின்றுகொண்டிருப்போம்.

எங்களுக்குக் கஞ்சி காய்ச்சியவள் கருப்பாயி. நாற்பது வயதுக்காரி, நாக்குக்கு வயதில்லை. கஞ்சி குடிக்கிற நேரத்தில் மச்சான் உடைந்த சட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு அவள் அடுப்புக்குப் போனார்.

"ஆத்தா, ரெண்டு கங்கு கொடு."

"கங்கு எதுக்குய்யா?"

"பனிக்கு."

"பங்குனி வெயில்ல பனியா? மண்டையில என்ன, காத்தா?"

"மஞ்சு வருமாம்ல? கங்காணி காலையிலருந்து மஞ்சு மஞ்சுங்குறாரு."

கருப்பாயி விழுந்து விழுந்து சிரித்தாள். மச்சான் பரிபாஷையை வைத்து வேடிக்கை பண்ணுகிறார் என்று நினைத்துக்கொண்டாள். கங்கை அள்ளிப் போட்டாள். நானும் சிரித்தேன். மச்சானும், ஏதோ நல்ல ஹாஸ்யம் சொல்லிவிட்டோம் போலிருக்கிறது என்று சிரித்து வைத்தார்.

மஞ்சு ஏறுது, ஒதுங்குங்க!

பொழுது சாய ஆரம்பித்ததும் காற்று திரும்பியது. கீழேயிருந்து குப்பென்று வந்தது. பத்தடியில் நிற்கிறவன் முகம் மங்கியது. கங்காணி இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினார்.

"ஏலே, மஞ்சு ஏறுது! ஒதுங்குங்க! ஒதுங்குங்க!"

தெரிந்தவர்கள் எல்லோரும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு, செதுக்கிய கோட்டோடு வடக்கே நடந்தோம். அங்கே ஒரு கணவாய்மேடு. மலையாளப் பக்கத்துக் காற்று அதன் வழியாகத்தான் வரும், சுத்தமாக வரும். நின்று தரையில் துப்பினோம். கரி கரியாகத் துப்பினோம். ஒருவர் எச்சிலை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

நான் மச்சானைத் தேடினேன்.

"கங்காணி, என் மச்சானைக் காணோம்."

"தெக்குக் கடைசியில வெட்டிக்கிட்டு இருந்தாரு. மஞ்சுக்கு ஒதுங்கியிருப்பாரு, பதறாத."

கருப்பாயி பானையை இறக்கி வைத்தவள் அப்படியே நிமிர்ந்தாள். "எதுக்கு ஒதுங்கியிருப்பாரு?"

"மஞ்சுக்கு."

"அட நாசமாப் போறவனே! அந்த ஆளு கங்கு வாங்கிட்டுப் போனாரேடா! பனிக்குன்னாரே! நெசமாவே மஞ்சுன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருக்காரு!"

காலையில் நான் கொடுத்த துண்டையும் பனிக்கென்றுதான் மூக்கில் கட்டியிருக்கிறார். பனிக்கு ஒதுங்குகிறவன் எங்கே போவான்? காற்று படாத பள்ளத்துக்குப் போவான். தெற்குக் கடைசியில் அப்படி ஒரு பள்ளம் இருந்தது. பனிக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. புகைக்கும் அதைவிட நல்ல இடம் கிடையாது. தண்ணீர் தேங்குகிற மாதிரி அங்கே தேங்கும்.

அதோடு விட்டாரா? கையில் கங்கு, பையில் நொச்சி, தலையில் கம்பளி. ஊர்ப் புகை போதாதென்று சொந்தப் புகையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"அவருக்கு இரைப்பு இருக்கு கங்காணி" என்றேன். மச்சானுக்குக் கொடுத்த வாக்கு அந்த இடத்தில் போயிற்று. போகட்டும்.

கருப்பாயி பாறை மேல் ஏறி நின்றாள். நின்று, அந்த மலை பிறந்ததிலிருந்து யாரும் கத்தாததைக் கத்தினாள். "புகை! ஏய் சங்கிலி, அது புகைய்யா! புகை! புகை!"

ஆட்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஒருவன் தரையில் விழுந்து கும்பிட்டான். கங்காணி வாய் பிளந்து நின்றார். நான் கோவணத்தை மறுபடி நனைத்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். பின்னால் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினால் கங்காணியும் வந்துகொண்டிருந்தார். அவரைப் பற்றி இவ்வளவு கேலி எழுதியவன் இதையும் எழுத வேண்டும். கூப்பிடாமலே வந்தார்.

கம்பளிக்குள்

பள்ளத்தில் கை நீட்டினால் கை தெரியவில்லை. கண் எரிந்து தண்ணீராகக் கொட்டியது. "மச்சான்!" என்று கத்தினேன். பதில் இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது கேட்டது. பூனை. இடது பக்கம், மிக மெலிந்து, விட்டு விட்டு.

சத்தத்தைப் பிடித்துக்கொண்டே போய்க் கம்பளியில் இடறி விழுந்தேன். அதன் விளிம்பிலிருந்து நொச்சிப் புகை வந்துகொண்டிருந்தது. பிடித்து இழுத்தேன். உள்ளேயிருந்து ஒரு கை வந்து கம்பளியைத் திரும்ப இழுத்தது!

"மூடு... மாப்ள... பனி..."

அதற்குமேல் பேச்சு வரவில்லை. உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. கழுத்து நரம்பு ஒவ்வொரு மூச்சுக்கும் கயிறாக முறுக்கிக்கொண்டது. கண் மட்டும் என்னைப் பார்த்தது. 'ஏன்டா கம்பளியை எடுத்தாய்' என்று கேட்கிற கண். தன்னைக் கொல்வது எது என்று தெரியாமலே போய்க்கொண்டிருந்தார் மனிதர். எனக்கு அக்காவின் முகம் வந்தது. அதற்குப் பிறகு சிரிப்பு எதுவும் வரவில்லை.

கங்காணி சட்டியைக் காலால் கவிழ்த்து மண்ணைத் தள்ளினார். முதுகில் போட்டுக்கொள்ளலாம் என்று மச்சானைக் குப்புறத் தூக்கினோம். மூச்சு நின்றே போகிற மாதிரி ஆகிவிட்டது. இறக்கிவிட்டோம். அப்புறம் இரண்டு பேரும் கையைக் கையோடு கோத்து நாற்காலி மாதிரி ஆக்கி, நிமிர்த்தி உட்காரவைத்துத் தூக்கினோம். நேரே மேலே ஏறினால் கிட்டம், ஆனால் புகையும் அப்படித்தான் ஏறுகிறது. குறுக்கே, செதுக்கிய கோட்டோடு, மேட்டைப் பார்த்து நடந்தோம். ஓடவில்லை. ஓடினால் எங்களுக்கும் மூச்சு வாங்கும், அப்புறம் மூன்று பேரையும் யார் தூக்குவது?

பொடி டப்பா மலையாளம் போனது

மேட்டில் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்காரவைத்தோம். முன்னால் சாய்ந்துகொள்ள மண்வெட்டிக் காம்பைக் கொடுத்தோம். மூக்கில் இன்னும் என் துண்டு ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. கருப்பாயி என்னைப் பிடித்துத் தள்ளினாள்.

"அந்தத் துணிய மொதல்ல அவுருடா! மூச்சுக்கே வழியக் காணோம், அதுல கதவு வேறயா!"

அவிழ்த்தேன். கங்காணி தவித்துக்கொண்டு நின்றவர், மச்சானின் மடியிலிருந்தே பொடி டப்பாவை எடுத்தார். "ஒரு சிட்டிகை போட்டா தும்மல்ல எல்லாம் வெளிய வந்துரும்."

கருப்பாயி டப்பாவைப் பிடுங்கி எறிந்தாள். அது காற்றில் பறந்து எல்லையைத் தாண்டிப் போய் விழுந்தது. இன்னும் மலையாளத்தில்தான் கிடக்கும்.

"இனிமே எவனாவது இந்த ஆளு மூஞ்சிக்கிட்ட எதையாச்சும் கொண்டாந்தீக, கரண்டிய அடுப்புல வச்சுச் சூடு போட்டுருவேன். காத்த விடுங்கடா. தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றோம். மலையாளத்துக் காற்று வந்தது. கருப்பாயி வெந்நீரை வாய் வாயாகக் கொடுத்தாள். பெரிய வைத்தியம் எதுவும் நடக்கவில்லை. காற்றும் உட்கார்ந்திருப்பதும்தான். நான் அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே பூனை கத்துவது கையில் தெரிந்தது. கத்தட்டும், கத்துகிற வரைக்கும் சரி என்று நினைத்துக்கொண்டேன்.

சூரியன் இறங்குகிற சமயத்தில் உதட்டில் நிறம் திரும்பியது. மச்சான் தலையை நிமிர்த்தினார்.

"ஏம் மச்சான், கருப்பாயி அக்கா புகை புகைன்னு கத்துச்சே, கேக்கலையா?" என்றேன்.

"கேட்டுச்சு மாப்ள."

"கேட்டுமா உக்காந்திருந்தீக?"

"புகைன்னு எனக்குத் தெரியாதா? நான்தான போட்டேன்."

கருப்பாயிதான் முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். புகை எரிச்சல் என்று சொன்னாள்.

கீழே

மறுநாள் காலை கோவேறு கழுதை மேல் மச்சானை உட்காரவைத்து இறக்கினோம். தீ அதன் பாட்டுக்கு வந்து, நாங்கள் செதுக்கிய கோட்டில் நின்று, அணைந்துபோயிற்று. அதைப் பார்க்க நாங்கள் இல்லை.

போடியில் டாக்டர் மார்பில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "எதுல இருந்தாரு? புகைக்குள்ளயா?" என்று கேட்டார். பழக்கதோஷம், கங்காணி கையைக் கட்டிக்கொண்டு, "மஞ்சுலங்க ஐயா" என்றார். டாக்டர் பனிக்கு மருந்து எழுதப் பேனாவை எடுத்தார்! "புகைங்க! புகை!" என்று நான் கத்தின கத்தில் வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இரைப்பு இருக்கிறவரைப் புகை இருக்கிற திசைக்கே அனுப்பக்கூடாது என்று அவர் சொன்னார். கூடவே, இரைப்பு இல்லாதவனுக்கும் நெஞ்சு ஒன்றுதான், இரும்பில் செய்தது இல்லை என்றும் சொன்னார்.

ஆட்கள் அப்புறம் என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். வழக்கத்தை விட மனசில்லை, ஆளைக் கொல்லவும் மனசில்லை. கங்காணி ஒரு சமரசம் கண்டுபிடித்தார். அடுத்த கோடையிலிருந்து மலையில் முதல் எழுத்தை மட்டும் சொல்லலாம். "ஏலே, 'பு' வருது! 'பு' வருது!" என்று அந்தப் பெரிய மனிதர் மேட்டில் நின்று கத்துவார். மலைச்சாமிக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது என்று நம்பிக்கை போலிருக்கிறது.

ஆகவே மக்களே, வேலை செய்கிற இடத்தில் புகை வந்தால் அதைப் புகை என்று சொல்லுங்கள். மேஸ்திரி மஞ்சு என்பான், தூசி என்பான், ஒன்றுமில்லை என்பான். உங்கள் தொண்டையை நம்புங்கள். பள்ளத்தில் ஒதுங்காதீர்கள், நல்ல காற்று வருகிற திசை பார்த்துப் போங்கள். போக வழியில்லை என்றால் வேலையையாவது மெதுவாகச் செய்யுங்கள், அடிக்கடி தள்ளிப்போய் உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள். துணி கட்டிக்கொண்டுவிட்டோம் என்று வீரம் பேசாதீர்கள். தலை சுற்றினால், நெஞ்சு இறுகினால், வாந்தி வந்தால் அன்றைக்கு வேலை முடிந்தது என்று அர்த்தம். உங்களோடு இரைப்புக்காரர் ஒருவர் இருந்தால் அவரைக் கஞ்சிப் பானையிடம் அனுப்புங்கள், அனுப்பிவிட்டுச் சிரிக்காதீர்கள்.

மச்சானை வீட்டில் சேர்த்தபோது அக்கா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவர் மார்பில் காதை வைத்துக் கேட்டாள். கேட்டுவிட்டு எழுந்துபோய்ச் சோறு போட்டாள்.

நான் சில நாள் அங்கேயே இருந்தேன். அவர் தேறித்தான் வந்தார். ஆனால் காலையும் மாலையும் அக்கா அடுப்பு மூட்டுகிற நேரத்தில் மட்டும் பாயில் எழுந்து உட்கார்ந்துகொள்வார். அது ஒரே அறை வீடு. ஒரு மூலையில் அடுப்பு, எதிர் மூலையில் அவர் பாய். புகைக்கு வாசல் ஒன்றுதான், அதுவும் அவரைத் தாண்டித்தான்.

ஒரு சனிக்கிழமை இரண்டு பேரும் குச்சனூருக்குக் கிளம்பினார்கள். சனீஸ்வரனுக்கு எள் விளக்குப் போடுவதாக அக்கா நேர்ந்துகொண்டிருந்தாள். என்னையும் கூப்பிட்டாள். வயிறு சரியில்லை என்று சொன்னேன்.

வண்டி தெருமுனை திரும்பியதும் பக்கத்துத் தொழுவத்திலிருந்த ஏணியை எடுத்து வந்து கூரையில் ஏறினேன். அடுப்புக்கு நேர் மேலே இரண்டு ஓடுகளை நகர்த்தினேன். கை மணிக்கட்டு வரை கரியாயிற்று. மழை விழாதபடி அவற்றில் ஒன்றைச் சரித்து, அடியில் ஓட்டுச்சில்லை முட்டுக் கொடுத்து நிறுத்தினேன்.

இறங்கிப்போய், கொஞ்சம் ஈரமான சோளத்தட்டையாகப் பார்த்துப் பொறுக்கி அடுப்பில் வைத்துப் பற்றவைத்தேன். நன்றாகப் புகைய வேண்டுமே. முதலில் அது அறை முழுக்கச் சுற்றியது. அப்புறம் மேலே இருந்த வெளிச்சத்தைக் கண்டுகொண்டு அந்தப் பக்கம் போக ஆரம்பித்தது.

நான் போய் மச்சானின் பாயில் படுத்தேன். கண்ணை மூடி, மூச்சை ஆழமாக உள்ளே இழுத்தேன். இருமல் வரவில்லை. இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தேன். பிறகு எழுந்துபோய் அடுப்பில் தண்ணீர் தெளித்தேன்.